மருந்தும் விஷமும்: எல்லைப்புறக் காய்கறி அச்சம் எழுப்பும் ஓர் அறவினா

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரைப்பதி ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர் மிகுதி. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியை அவர்கள் 'மருந்து' என்றே வழங்குவர். 'தக்காளிக்கு மருந்தடிக்கணும்' என்பது அன்றாடப் பேச்சு. மலையாள உழவர் வழக்கும் 'மருந்நு' என்பதேயாகும். அதே பொருள் காயோடு சேர்ந்து சந்தைக்கு வந்து சமையலறையை அடையும்போது 'விஷம்' எனப் பெயர் மாறுகிறது. 'விஷமில்லாத பச்சக்கறி' என்னும் தொடரைக் கேரளத்துக் கடைப்பலகைகளிலும் அரசுத் திட்ட அறிவிப்புகளிலும் காணலாம். ஒரு பொருளுக்குத் தெளிப்பவர் இட்ட பெயர் ஒன்று. உண்பவர் இட்ட பெயர் வேறொன்று. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலான தொலைவில் அறவினா ஒன்று கிடக்கிறது. அன்றாட உணவைப் பற்றிய அச்சம் எழும்போது யாருடைய உடலை நாம் கணக்கில் கொள்கிறோம் என்பதே அவ்வினா.

2015ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மேல் உள்ளது என்னும் குற்றச்சாட்டு கேரளத்தில் வலுப்பெற்றது. டி. வி. அனுபமா உணவுப் பாதுகாப்பு ஆணையராகப் பொறுப்பு வகித்த காலம் அது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் எச்ச அளவுகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. கறிவேப்பிலை, கொத்துமல்லித் தழை, புதினா, பச்சை மிளகாய் போன்றவை அப்பட்டியல்களில் அடிக்கடி இடம்பெற்றன. வாளையாறு முதலிய சோதனைச்சாவடிகளில் காய்கறிச் சுமையுந்துகளை ஆராய்வது பற்றிய பேச்சு எழுந்தது. ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, கம்பம் பகுதி வணிகரும் உழவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான், மாடித்தோட்டத்தையும் நஞ்சற்ற காய்கறியையும் கதைப்பொருளாகக் கொண்ட '36 வயதினிலே' திரைப்படம் தமிழில் வெளிவந்தது. அது 2014இல் வந்த மலையாளப் படத்தின் மறுவாக்கம். அச்சம் எல்லையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அச்சத்தின் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்துள்ளார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இவ்வகைப்பாடு இன்றைய நலவாழ்வு அச்சங்களுக்கும் பொருந்தி வருவது வியப்பளிப்பது. பூச்சிக்கொல்லி எச்சம் அணங்கை ஒத்தது. கண்ணுக்குப் புலனாகாது, நாவுக்கும் மூக்குக்கும் எட்டாது, தீண்டியதை உடனே அறியவும் இயலாது. எதிரே வரும் யானைக்கு அஞ்சுபவன் விலகி ஓடலாம். அணங்குக்கு அஞ்சுபவன் எத்திசையில் ஓடுவான்? அமெரிக்க உளவியலாளர் பால் சுலோவிக் 1987இல் இடர்க்காட்சி பற்றி எழுதிய கட்டுரையில், அறியப்படாமை, பேரச்சம் ஆகிய இரண்டுமே மக்கள் ஓர் இடரை மிகுத்து உணர்வதற்கான அடிப்படைகள் எனக் காட்டினார். தொல்காப்பியர் ஒரு சொல்லில் வைத்த செய்தியை அவர் அளவீட்டால் நிறுவினார் எனலாம்.

அணங்கச்சம் நெடுங்காலம் அணங்கச்சமாகவே நிற்பதில்லை. உருவற்றதற்கு அஞ்சும் மனம் விரைவில் ஓர் உருவைத் தேடுகிறது. 2015இல் நிகழ்ந்ததும் அதுவே. புலனாகாத எச்சத்தின் மீதிருந்த அச்சம், எல்லைக்கு அப்பாலிருந்து நஞ்சை ஏற்றி அனுப்பும் அயலான் மீதான அச்சமாயிற்று. அணங்கின் இடத்தில் கள்வர் வந்து நின்றனர். ஆனால் எல்லைக்கோடு வேதியியலுக்குத் தெரியாது. எருத்தேம்பதித் தக்காளி கேரளத்துத் தக்காளி, பயிரிட்டவர் தமிழர். இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் விளையும் கேரட்டும் பூண்டும் கேரளத்தின் பெருமைக்குரிய விளைபொருள்கள். அங்குள்ள உழவரும் பெரும்பான்மை தமிழரே. மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட தூய்மையும் தீட்டும் பற்றிய நூலில், தன் இடம் விட்டு வந்த பொருளே அழுக்கெனக் கருதப்படுகிறது என்றார். காய்கறி அச்சத்தில் அக்கூற்றின் நிழல் படிந்துள்ளது.

இங்ஙனம் கூறுவதால் அச்சம் முழுதும் வீண் என்று முடிவுகட்டுவது தவறாகும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் கொள்கை. கேரளம் பூச்சிக்கொல்லிக்கு அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டு. காசர்கோட்டில் அரசுத் தோட்டக்கழகத்தின் முந்திரித் தோப்புகள் மீது எண்டோசல்பான் சுமார் இருபதாண்டுக் காலம் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. உச்சநீதிமன்றம் அந்த நஞ்சை நாடு முழுதும் தடை செய்தது 2011 மே மாதத்தில்தான். அறிவியல் உறுதி கிட்டும் வரை காத்திருந்தோர் கொடுத்த விலையை அம்மாநிலம் கண்ணெதிரே கண்டது. பெருந்தீங்கு நேரக்கூடிய இடத்தில் முழுச்சான்று இல்லை என்பது வாளாவிருப்பதற்குக் காரணமாகாது என 1992ஆம் ஆண்டின் இரியோ அறிக்கை வகுத்தது. அந்த முன்னெச்சரிக்கை நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்சநீதிமன்றம் ஏற்றது 1996இல், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடு ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில். ஆகவே நெறி நமக்குப் புதியதன்று. அந்நெறி எவரைக் காக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இங்கு அளவு என்பதன் பொருளைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க நஞ்சின் அளவு, பொதுவாக விலங்காய்வில் தீங்கு காணப்படாத அளவை நூறால் வகுத்துப் பெறப்படுகிறது. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்து. காயில் இருக்கலாகும் உச்ச எச்ச வரம்போ வேறு வகையில் பிறப்பது. முறையாகத் தெளித்து, உரிய நாள்கள் காத்திருந்து அறுத்த பயிரில் எஞ்சுவது எவ்வளவு என்பதிலிருந்து அது கணிக்கப்படுகிறது. வரம்பு எதுவும் வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்னும் பொது வரம்பை இந்திய விதிகள் வைத்தன. வரம்பை மீறிய காயை உண்டவர் நோயுற்றே தீர்வார் என்பதில்லை. மீறல் முதலில் காட்டுவது வேளாண்முறையின் பிழையையே. செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இவ்வரம்புகள் யாவும் உண்பவரின் நாவை நோக்கி வகுக்கப்பட்டவை என்பதும் நோக்கத்தக்கது.

தெளிப்பவரின் நிலை யாது? இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றனர். ஏலம் பூச்சித் தாக்குதலுக்கு எளிதில் ஆட்படும் பயிர். இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் காயின் விலையைக் கெடுப்பதால் ஆண்டில் பலமுறை மருந்தடிக்கப்படுகிறது. காய் பிடிப்பது செடியின் அடியில். எனவே காயெடுக்கும் பெண்கள் மருந்து படிந்த தட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்து வேலை செய்கின்றனர். உண்பவருக்கு மில்லிகிராமின் நுண்பகுதியாகச் சென்று சேரும் பொருளைத் தெளிப்பவர் செறிவு மாறாமல் கையில் எடுத்துக் கலக்குகிறார். 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தவர்களுள் இருபது பேரளவில் மாண்டனர். 2019 சனவரியில் திருவல்லா அருகே நெல்வயலில் தெளித்த இருவர் இறந்தனர். இவர்களுள் எவரும் எச்சத்தால் இறந்தவர் அல்லர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். உண்பவரின் அச்சம் வலுத்தால் தெளிப்பது குறையும், தெளிப்பவரும் பயனடைவார், எனவே ஒருவர் அச்சம் இருவரையும் காக்கும் என்பர். கேட்க நன்றாயிருப்பினும் இவ்வாதம் வேதியியலில் இடறுகிறது. எச்சத்தைக் குறைக்கத் தெளிப்பைக் குறைக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அறுவடைக்கு முன் காத்திருக்கும் நாள்களைக் கூட்டினாலே போதும். அல்லது விரைந்து சிதையும் நஞ்சுக்கு மாறலாம். நீடித்து நிற்கும் டி.டி.டி. வகைகளுக்கு மாற்றாகப் பாரத்தியான் போன்ற கரிமப் பாசுபரசு நஞ்சுகள் பரவியபோது நேர்ந்தது இதுவே. அவை பயிரில் விரைவில் அழியும். ஆனால் தெளிக்கும் கணத்தில் மனித நரம்பைத் தாக்கும் ஆற்றல் மிக்கவை. உண்பவர் பெற்ற காப்பைத் தொழிலாளி தன் உடலால் ஈடுசெய்தார். மெக்சிகோவின் ஏற்றுமதித் தோட்டங்களை ஆராய்ந்த ஆங்கசு ரைட் 1990இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எச்சமற்ற காய் என்பது துன்பமற்ற காய் ஆகாது.

சான்சி சுடார் 1969இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தாமே விரும்பி ஏற்கும் இடரை மக்கள் திணிக்கப்பட்ட இடரைக் காட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பொறுத்துக்கொள்வர் என்பது அது. உப்பையும் சர்க்கரையையும் புகையிலையையும் அஞ்சாதவர் கறிவேப்பிலைக்கு அஞ்சுவது ஏன் என்று ஏளனம் செய்வோருக்கு இதிலே விடையுண்டு. உப்பைத் தான் அள்ளியிடுகிறான். எச்சத்தை வேறொருவன் இடுகிறான். இசைவின்றித் தீங்கு செய்யலாகாது என்னும் அறம் அந்த அச்சத்தில் பொதிந்துள்ளதால் ஏளனம் தகாது. ஆனால் இப்பகுப்பில் ஏலத்தோட்டத் தொழிலாளியை எப்பக்கம் வைப்பது? கூலி பெற்று வருபவர் என்பதால் விரும்பி ஏற்றவர் பக்கம் வைத்துவிடுவது வழக்கம். ஒரு நாள் ஜீப்பில் ஏறாவிட்டால் அன்று அடுப்பு எரியாது என்னும் நிலையில் உள்ளவரின் இசைவை, இன்னொரு பிடி உப்பை அள்ளுபவரின் இசைவோடு ஒன்றாக எண்ணுவது கணக்கின் வசதிக்காகச் செய்யப்படும் அநீதி என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. தொல்காப்பியர் கூறிய நான்காம் அச்சம், தம் இறைக்கு அஞ்சுதல், இங்குத்தான் வந்து நிற்கிறது. மேற்பார்வையாளர் நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்னும் அச்சம், நஞ்சைப் பற்றிய அச்சத்தை வாயடைக்கச் செய்கிறது.

காய்கறிகளைப் புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்துக் கழுவும் முறைகளைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் மக்களுக்கு அறிவுறுத்தியது. கழுவுவதற்கென ஒரு கரைசலையும் உருவாக்கியது. பயனுள்ள பணி அது. தோட்டத்தில் மாலையில் கையலம்ப நீரும் சவர்க்காரமும் உண்டா என்னும் கேள்விக்கு அதே அளவு முனைப்பு காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

2023 சனவரியில் அச்சத்தின் திசை மாறியது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருந்தது எனக் கண்டு, அதன் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட தகரக் குவளைகள் முடங்கின. இம்முறை குற்றம் சாட்டத் தமிழகச் சுமையுந்து எதுவும் இல்லை. ஐயத்துக்கு உள்ளானது மலைச்சரக்கின் தலைமையான ஏலமே. மறுசோதனைக்குப் பின் உச்சநீதிமன்றம் 2024 மார்ச்சில் அவ்வாணையை நீக்கியது. அதற்குள் நாள் கடந்துவிட்டமையால் அந்தக் குவளைகள் பத்தரை அடையவில்லை. நீதிமன்றங்களின் முன் வைக்கப்பட்ட வினா, பாயசம் உண்ணத்தக்கதா என்பது. அந்த ஏலத்துக்கு மருந்தடித்தவர் எவர், காயெடுத்தவர் எவர், அவர்தம் உடல்நிலை யாது என்னும் வினாக்கள் அவ்வழக்கின் எல்லைக்குள் வரவில்லை; அவற்றை எழுப்பும் உரிமையுடைய தரப்பாக எவரும் அங்கு நின்றிருக்கவுமில்லை.