தட்டினால் விடவேண்டும்

அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருப்பதும் அடிக்கத் தெரியாதவன் அடிக்காமல் இருப்பதும் ஒன்றுதானா? வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குவதுதான் அடக்கம். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்பது அவர் கேள்வி. பள்ளியில் மனப்பாடம் செய்த குறள். அது என் உடம்புக்குப் புரிந்தது ஜூடோ வகுப்பில்.

வாரம் மூன்று நாள் மாலை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேட் விரித்துப் பழகுகிறோம். கடைசி அரைமணி நேரம் தரையில் மல்லுக்கட்டு. ஜூஜி கத்தாமே என்றொரு பூட்டு உண்டு. எதிராளியின் கையை நம் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, மெல்ல இடுப்பைத் தூக்கினால் முழங்கை தன் எல்லையைத் தாண்டத் தொடங்கும். மாட்டிக்கொண்டவர் இரண்டு தட்டு தட்டினால் பிடியை விட்டுவிட வேண்டும். அந்த நொடியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் முழங்கை முழுக்க என் பொறுப்பு. அடுத்த ஆட்டத்தில் என்னுடையது அவன் பொறுப்பு.

"தட்டினா விடணும். நெஜமா வலிக்குதா, நடிக்கிறானான்னு பாக்குற வேலை உனக்கில்ல" என்பார் மாஸ்டர்.

பாதுகாப்பு விதிதான். ஆனால் அதற்குள் ஒரு நீதி இருக்கிறது. வலியின் அளவைச் சொல்லும் உரிமை வலிப்பவருக்கு மட்டுமே. வெளியுலகில் பெரும்பாலும் இது தலைகீழ். "இதெல்லாம் ஒரு வலியா?" என்று தீர்ப்புச் சொல்வது எப்போதும் மேலே இருப்பவர்தான். முதலாளி, கணவன், வாத்தியார், அரசு.

1882-இல் கோடோகானைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுத்சுவின் ஆபத்தான அடிகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். மிச்சமிருந்தவற்றை முழு வலுவோடு பழக முடிந்தது அதனால்தான். எதிராளி நாளைக்கும் முழுசாக வந்தால்தானே பயிற்சி? இருவருக்கும் நன்மை என்பதை ஜூடோவின் கொள்கையாகவே அவர் வைத்தார்.

அப்படியானால் பயிற்சிக்கூடம் நல்ல மனிதர்களை உருவாக்கிவிடுமா? அதே ஜப்பானில் 1930களில் இந்தக் கலைகள் பள்ளிகளில் போருக்கான மனத்தைத் தயார்செய்யப் பயன்பட்டன. 1945-இல் தோல்விக்குப் பிறகு நேசநாடுகளின் நிர்வாகம் அவற்றைப் பள்ளிகளில் தடைசெய்தது. மேட்டில் குனிந்து வணங்கியவர்களும் சீனாவில் துப்பாக்கி பிடித்தார்கள்.

காரணம் எளியது என்று நினைக்கிறேன். மேட்டில் நான் பிடியை விடுவதில் பாதி அறம், பாதி கணக்கு. இரண்டு நிமிடம் கழித்து நான் தட்டவேண்டி வரும். முறை மாறி மாறி வருகிற இடத்தில் நல்லவனாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும் எனக்கும் முறை மாறப்போவதில்லை. அவர் தட்டவும் மாட்டார். ஒருநாள் தாமதமாக வருவார், இல்லையென்றால் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அதைத் தட்டல் என்று புரிந்துகொள்ள எந்த மாஸ்டரும் சொல்லித்தருவதில்லை. வள்ளுவர் சொல்லும் செல்லிடம் அதுதான். மேட்டில் நடப்பது அதற்கான ஒத்திகை மட்டுமே.

ஆனாலும் ஒத்திகைக்கு மதிப்புண்டு. யோசிக்கும் முன்பே கை தளர்ந்துவிடும் பழக்கம் அங்கேதான் உடம்பில் ஏறுகிறது.