அழுக்கின் கீழே இருந்த அடையாளம்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மேகமலைத் தோட்டத்துப் பூசைக்கு நான் இரண்டு மணி நேரம் பிந்திப் போனதன் காரணத்தைப் பலர் கேட்டீர்கள். மலைப்பாதையில் மண் சரிந்தது என்று சிலர் சொல்லிக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். மண் ஒன்றும் சரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நமது பங்கின் பழைய மாருதி ஆம்னிக்கு டைமிங் பெல்ட் மாற்றவேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலை வண்டியைப் பட்டறையில் விட்டேன். முற்காலத்து அம்பாசிடர் காருக்கு இந்த வேலையைச் சங்கிலி செய்தது. 1962-ம் ஆண்டில் ஜெர்மனியில் கிளாஸ் 1004 என்ற சிறு கார் பல் வைத்த ரப்பர் பெல்ட்டோடு வெளிவந்தது. நம் நாட்டில் 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு ஊர்ப் பட்டறைகளுக்கும் அது பழகிவிட்டது. எஞ்சினின் அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இந்தப் பெல்ட் இணைக்கிறது. கீழே இரண்டு சுற்று. மேலே ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல் பிசகினாலும் வால்வு திறக்கவேண்டிய நேரத்தில் திறவாது, மூடவேண்டிய நேரத்தில் மூடாது. ஆகையால் இரண்டு புல்லிகளிலும் ஒவ்வொரு குறி வெட்டியிருப்பார்கள். அவை எஞ்சினின் உடம்பிலுள்ள குறிகளுக்கு நேரே நிற்கும்போதுதான் பெல்ட்டை மாட்டவேண்டும்.

இருட்டுகிற வேளையில் பெல்ட் மாட்டியாயிற்று. செல்ஃப் எடுத்தது, வண்டியும் ஓடியது. ஆனால் நின்ற இடத்திலேயே நடுங்கிற்று. மிதித்தால் இழுவை இல்லை. நான் அவசரக்காரன், உங்களுக்குத் தெரியும். "ஓடுகிறதே தம்பி, போதும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"மலை ஏறணுமே சாமி. ஒரு பல்லு மாறிக் கெடக்கு. நாந்தான் மாத்திப் போட்டிருக்கேன்."

சின்னமனூரை விட்டு மலையேறினால் எத்தனை கொண்டை ஊசி வளைவு, எவ்வளவு ஏற்றம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் கவரை மறுபடி கழற்றினார். அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. மேல் புல்லியில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு இருந்தது. முன்பு எப்போதோ, யாரோ ஒருவர், தம் வசதிக்கு வைத்த பொட்டு. முந்தின நாள் என் அவசரத்தில் இவர் அதையே குறியென்று நம்பிப் பெல்ட்டைப் போட்டிருக்கிறார். இப்போது மண்ணெண்ணெய்த் துணியால் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். பொட்டுக்கு ஒரு பல் தள்ளி, கம்பெனியில் வெட்டிய குறி தெரிந்தது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அதற்கு நேரே வைத்துப் பெல்ட்டை மாட்டிய பின்பும் அவர் செல்ஃப் போடவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைக் கொடுத்து, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்பவும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்தார். அதன் பிறகே டென்ஷனரை முறுக்கினார். எங்கேனும் முட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். செல்ஃப் போட்டால் உடைந்த பிறகுதான் தெரியுமாம். டீசல் எஞ்சினாயிருந்து பெல்ட் பல பற்கள் தப்பியிருந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை மோதி வளைத்துவிடும் என்றும் சொன்னார்.

பிரியமானவர்களே, மலையேறும்போது எனக்கு அந்த வெள்ளைப் பொட்டின் நினைவாகவே இருந்தது. சர்வேசுரன் மனிதனுடைய இருதயத்தில் தமது கற்பனையை எழுதியிருக்கிறார் என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் போதிக்கிறார். நாமோ அதன் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே காரியம் நடத்துகிறோம். நமது பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் பெட்டியின் மேலடுக்கில் பழுத்த குலையும் கீழடுக்கில் சுருங்கிய குலையும் வைக்கிறவரைக் கேட்டால், "எங்க அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான் சாமி" என்கிறார். ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் பின்கதவைப் பிடித்துத் தொங்கும் அளவுக்கு ஆள் ஏற்றுகிறவரும், "எல்லா வண்டியும் அப்படித்தானே போகுது" என்கிறார். வண்டி ஓடுகிறது, மறுப்பதற்கில்லை. நடுக்கத்துக்கும் நாளடைவில் பழகிவிடுகிறோம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன் ஆத்தும சோதனை செய்யுங்கள் என்று நான் சொல்லும்போது, சிலர் கோவில் வாசலில் செருப்பை விடுகிற நேரத்தில் அதை முடித்துவிடுகிறார்கள். செல்ஃப் போட்டுப் பார்க்கிற சோதனை அது. மற்றதற்கு நேரம் பிடிக்கும், கையும் அழுக்காகும்.

இன்னொன்று. சக்கேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னார். நமது மெக்கானிக் சுவிசேஷத்தின் அந்தப் பகுதியைக் கேட்டிருப்பாரோ என்னவோ. நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். இரண்டாந்தரம் செய்த வேலைக்கு அவர் கூலி கேட்கவில்லை. பெல்ட் கவருக்குள்ளே இருக்கிறது. அவர் சொல்லாதிருந்தால் எனக்குத் தெரியவே போகிறதில்லை. "என் தப்புக்கு நீங்க எதுக்குச் சாமி காசு குடுக்கணும்?" என்றார். அவசரப்படுத்தினது நான், ஆகவே தப்பில் பாதி என்னுடையது என்று வாதாடி, பாதிக் கூலியை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தேன்.

தோட்டத்தில் ஜனங்கள் கலையாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும், "சாமி, இனிமே சனிக்கிழமையே வந்து படுத்துக்கங்க" என்றார். நியாயமான பேச்சு. அடுத்த முறை அப்படியே செய்கிறேன். மேகமலைப் பூசை வழக்கம்போல் காலை 8 மணிக்கு.