யார் வரைந்த முகம்?

சுல்தான் முஹம்மத் அல்-பாத்திஹ் என்றதும் எம்மில் பலருக்கு ஒரு முகம் நினைவில் எழும். வெள்ளைத் தலைப்பாகை, வளைந்த கூரிய மூக்கு, மெலிந்த கன்னம், கல் வளைவு ஒன்றினூடாகத் தெரியும் உருவம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சொந்தமான படம் அது. கொன்ஸ்தாந்திநோபிளை 1453இல் வென்று, தன்னை ரோமின் கைஸர் என்றும் அழைத்துக்கொண்ட மன்னரின் முகமாக நூல்களும் சஞ்சிகைகளும் அதைத்தான் அச்சிடுகின்றன.

வரைந்தவர் வெனிஸ் நகரத்து ஜென்டிலே பெல்லினி என்பார்கள். 1479இல் சமாதானம் ஏற்பட்டபின், சுல்தான் ஓவியர் ஒருவரைக் கேட்க வெனிஸ் அரசு பெல்லினியை அனுப்பியது. படத்தில் 1480 நவம்பர் 25 என்ற திகதியும் இருக்கிறது. ஆயினும் ஆய்வாளர் பலர் "பெல்லினி வரைந்தது" என்று முடிவாகச் சொல்வதில்லை. "பெல்லினியுடையதாகக் கருதப்படுவது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பின்வந்த கைகள் படத்தின் மேற்பரப்பை, குறிப்பாக மன்னரின் உருவத்தை, ஏறக்குறைய முழுவதுமாக மீளப் பூசிவிட்டன. ஒஸ்டன் ஹென்றி லேயார்ட் 1865இல் வெனிஸில் வாங்கி, அவருடைய கொடையாக 1916இல் ஓவியக்கூடத்தை அடைந்தபோது அது பல கைகள் பட்ட படம்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புதிதாக இராது. சொல் மாறி, கருத்து மட்டும் வந்து சேர்ந்த அறிவிப்பைப் போன்றது இப்படம். அமைப்பு பெல்லினியுடையதாக இருக்கலாம். வளைவினூடாக ஆளைக் காட்டுவது அவர் கையாண்ட முறைதான். இன்று கண்ணுக்குத் தெரியும் தூரிகைத் தடமோ பெரும்பாலும் இன்னாருடையதென்று சொல்ல முடியாதது. துணைச்சான்றும் உண்டு. பெல்லினியின் பெயர் பொறித்த பதக்கமொன்றில் அதே மூக்கும், மறுபுறத்தில் மூன்று முடிகளும் இருக்கின்றன. ஓவியத்திலும் இருபுறமும் மும்மூன்று முடிகள். பலவீனமான அறிவிப்பை வேறொரு வழியில் வந்த அறிவிப்பு தாங்கிப் பிடிப்பதைப் போல.

படத்துக்கு இத்தனை விசாரணை. அதே பெல்லினியின் பெயரோடு வந்த கதைக்கோ நெடுங்காலம் எவ்வித விசாரணையும் இருக்கவில்லை. யஹ்யா நபியின் வெட்டுண்ட தலையைப் பெல்லினி வரைந்து காட்ட, கழுத்து அப்படி இராது என்று சொன்ன சுல்தான், ஓர் அடிமையை வரவழைத்து அங்கேயே வெட்டுவித்து மெய்ப்பித்தாராம். இதை எழுதிய கார்லோ ரிடொல்ஃபியின் நூல் 1648இல் வெளிவந்தது. இடையில் 160 ஆண்டுகளுக்கு மேல். கண்டவர் யார், கேட்டவர் யார்? ஒரு மனிதர் மீது கொலைப்பழி சுமத்துகிறோமே என்ற கூச்சம்கூட இல்லாமல் கதை நூல் நூலாகத் தாவியது. சாயத்துக்குச் சாட்சி கேட்கும் உலகம் இரத்தத்துக்குக் கேட்கவில்லை.

இதைச் சொல்லி மேற்கைக் குற்றம் சாட்டுவதோடு நின்றுகொண்டால் எமக்கு வசதிதான். ஆனால் இந்நகரை வெல்பவரைப் புகழும் ஹதீஸை எமது மேடைகள் எப்படிச் சொல்கின்றன? முஸ்னத் அஹ்மதில் வரும் அதனை ஹாகிம் ஸஹீஹ் என்றார். அல்பானி, அறிவிப்பாளர் ஒருவரின் நிலை அறியப்படாததால் ளயீஃப் என்றார். இக்கருத்து வேறுபாட்டைச் சொன்னால் பாத்திஹின் பெருமை குறைந்துவிடுமோ என்று பேச்சாளர் அஞ்சுகிறார். நகரத்தை அவர் வென்றது ஹதீஸின் தரத்தில் தங்கியிருக்கவில்லை. நபியவர்கள் சொன்னார்கள் என்று சொல்வதோ முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது. பெல்லினியின் பெயரைத் தவறாக இட்டால் ஏலத்தில் ஒருவர் பணம் இழப்பார். இங்கே இழப்பது அதுவல்ல. "எல்லாரும் சொல்றாங்க சேர்" என்று வகுப்பில் விடை சொல்லும் பிள்ளை இந்தப் பேச்சுகளையும் கேட்டுத்தான் வளர்கிறது.

இஸ்தான்பூலின் தொப்காப்பி அரண்மனையில் பாத்திஹின் இன்னொரு படம் உண்டு. சம்மணமிட்டு அமர்ந்து ரோசாப்பூவை முகர்கிறார். ஸினான் பே வரைந்தது என்பர் சிலர். அவருடைய மாணவர் ஷிப்லிஸாதே அஹ்மத் என்பர் வேறு சிலர். அந்த முகத்திலும் மூக்கு அப்படியே வளைந்திருக்கிறது.