தந்தைக்கு நாம் பட்ட கடன்



பொல்பிட்டியவில் உள்ள நீர்மின் நிலையத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1969இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. அதைச் சுழற்றும் நீர் அங்கே பிறந்ததன்று. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கி, மேலே உள்ள மின் நிலையங்களில் ஏற்கெனவே உழைத்துவிட்டுப் பள்ளத்துக்கு இறங்கி வருகிற நீர். நாம் சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அந்த நீரை நம்மில் யார் நினைக்கிறோம்?

தந்தையையும் நாம் இப்படித்தான் மறக்கிறோம். இன்று ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும், கொழும்பிலும் கடல் கடந்தும் சம்பளம் பெறுகிறவராகவும் இருக்கும் மலைநாட்டுப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் எரியும் விளக்குக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றவர் அவர். கொட்டும் மழையில் கான் வெட்டினார். அட்டை கடிக்கக் கடிக்க மலையில் நின்றார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை அவருடையது. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடுமே என்று காய்ச்சலோடும் மலை ஏறினார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பிள்ளை அவர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தமக்கென்று ஒரு பத்திரம் இல்லாத காலத்திலும், உங்கள் பிறப்புப் பத்திரத்துக்காகவும் பள்ளிக்கூட அனுமதிக்காகவும் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் நம் தந்தையர். மலைகளுக்கு மேலாக மின்கம்பிகள் கொழும்பு நோக்கிப் போன நாட்களிலும் பல லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நீங்கள் படித்தீர்கள். இடம் போதாத காம்பராவை உங்களுக்கு விட்டுவிட்டு, அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு நின்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியை அவர் தமக்கென்றா வைத்துக்கொண்டார்? மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் அது போயிற்று.

நான்காம் கற்பனை சிறுபிள்ளைகளுக்கு உரியது, ஞானோபதேச வகுப்போடு முடிந்துபோவது என்று நாம் எண்ணுகிறோம். சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். அங்கே ஞானி பேசுவது வளர்ந்த பிள்ளையிடம். தந்தை முதுமை அடைந்தபின் அவருக்குத் துணை நிற்கவேண்டும், அவர் அறிவு மங்கினாலும் பொறுத்துக்கொள்ளவேண்டும், நமக்கு வலு இருக்கிறதென்று அவரை இகழக்கூடாது என்பதே அவர் சொல்லும் புத்தி. நமதாண்டவரும் இதில் கண்டிப்பானவர். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். திருவிழாச் செலவுக்குப் பெரிய தொகை எழுதிவிட்டு, லயத்தில் இருமிக்கொண்டிருக்கும் தந்தையை எட்டிப் பாராத மகனின் காணிக்கையை ஆண்டவர் எப்படி ஏற்பார்?

“சுவாமி, என் அப்பா அப்படிப்பட்டவர் அல்ல. சம்பள நாளில் காசு தவறணைக்குப் போயிற்று. அம்மாவை அடித்தார். அவருக்கு எதற்கு நன்றி?” என்று கேட்கிற மகளும் நம்மிடையே உண்டு. மகளே, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லும்படி திருச்சபை உன்னைக் கேட்கவில்லை. நன்றி என்பது பொய் சொல்வதன்று. அவர் செய்த தீங்கைத் தீங்கென்றே சொல். ஆயினும், அவர் சுமந்த கொழுந்து மூட்டையையும் உன் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் அந்தக் கணக்கிலிருந்து அழித்துவிடாதே. மன்னிக்க உனக்குக் காலம் வேண்டுமானால் ஆண்டவர் காத்திருப்பார். கிழவர் பசித்திருக்கக் கூடாது. அவ்வளவே இன்று உன் கடமை.

1995 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்து, கொழும்பு காலிமுகத்திடலில் யோசேவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்திய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உங்கள் நினைவில் இருப்பார். அவர் எட்டு வயதில் தாயை இழந்தார். 1932இல் வைத்தியரான ஒரே அண்ணனும் இறந்தார். பிறகு வீட்டில் தந்தையும் மகனும் மட்டுமே. ஓய்வுபெற்ற அந்த இராணுவ அலுவலர் மகனுக்குச் சமைத்துப்போட்டார். தமது பழைய சீருடைத் துணியை வெட்டி அவனுக்கு உடுப்புத் தைத்தார். இரவில் கண்விழிக்கும் மகன், தந்தை முழந்தாளில் நின்று செபிப்பதைக் கண்டிருக்கிறான். தமது முதல் குருமடம் அந்த வீடே என்று பல ஆண்டுகள் கழித்து, தம் குருத்துவப் பொன்விழாவையொட்டி 1996இல் வெளியிட்ட நூலில் பாப்பரசர் நன்றியோடு எழுதினார்.

ஆனால் 1941 பெப்ரவரி 18ஆம் நாள் நடந்ததையும் கேளுங்கள். நோயுற்றிருந்த தந்தைக்கு உணவும் மருந்தும் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்து மகன் வீடு திரும்பினார். தந்தை இறந்து கிடந்தார். அன்றிரவு முழுவதும் அந்த உடலருகே முழந்தாளிட்டுச் செபித்தார். அருகில் இல்லாமற்போனோமே என்ற வேதனை அவரை விட்டு அகலவில்லை. ஒரே வீட்டில் இருந்து பணிவிடை செய்த நல்ல மகனுக்கே இப்படி நேர்ந்தது. வருடப்பிறப்புக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டும் வந்து போகும் நமக்கு என்ன உத்தரவாதம்?

தொலைபேசியில் கேட்டால், “நான் நல்லாத்தான் இருக்கேன் சாமி, நீ ஒடம்பப் பாத்துக்க” என்பார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஹட்டனுக்கு பஸ் ஏறுங்கள். பணம் அனுப்புங்கள், நல்லதுதான். அத்தோடு நீங்களும் போங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாயத்தண்ணி குடித்து, அந்தக் காய்த்த கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நான் இப்படி இருக்கிறது உங்களாலதான்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்கட்டும். தந்தை ஏற்கெனவே மரித்திருந்தால், அடுத்த ஞாயிறு பூசையில் அவர் பெயரை ஒப்புக்கொடுத்துவிட்டு, துணையின்றி இருக்கும் பக்கத்து லயத்துப் பெரியவருக்கு ஒரு வேளைச் சோறு கொடுங்கள்.

கூலி வாங்கி மகனை வளர்த்த தச்சரான புனித சூசையப்பர், உழைத்துக் களைத்த நம் தந்தையர் அனைவருக்காகவும் மன்றாடுவாராக. ஆமென்.