எருக்குழிப் புழுவும் என் இரக்கமும்

காலை வெயில் ஏறியதும் எங்கள் எருக்குழிக்கு மேல் தரையை ஒட்டி ஒல்லியான கருங்குளவிகள் சுற்றிச் சுற்றிப் பறக்கும். பூக்குளவிகள், ஸ்கோலிடே குடும்பம். பறப்பவை ஆண்கள். வால் நுனியில் மூன்று முட்கள் நீட்டியிருக்கும். ஆனால் கொட்டத் தெரியாது. மண்ணிலிருந்து பெண் வெளிவரக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

வேலையெல்லாம் பெண்ணுக்கு. துளசிப் பூவில் தேன் குடித்துவிட்டு, முள் அடர்ந்த கால்களால் குப்பையைக் கிளறி உள்ளே இறங்கிவிடும். கீழே சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுவைக் கொட்டி முடக்கி, அதன் வயிற்றில் ஒரு முட்டை ஒட்டிவிட்டு வரும்.

அதிலிருந்து வரும் குஞ்சுப்புழு இரையைக் கண்டபடி தின்பதில்லை. ஒரே துளை, உயிர்நாடியான உறுப்புகள் கடைசியில். இரை முன்னதாகச் செத்தால் அழுகிவிடுமே. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாபர் குஞ்சுப்புழுவை வேறிடத்தில் வாய்வைக்கச் செய்து பார்த்தார். இரை அழுகியது, தின்ற குஞ்சுப்புழுவும் செத்தது. இந்த ஒழுங்கில் அவர் ஒரு பேரறிவைக் கண்டார். டார்வினோ 1860-இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கம்பளிப்புழுவை உள்ளிருந்து தின்னும் வேறொரு குளவியைச் சொல்லி, கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்தார் என்று நம்ப முடியவில்லை என்றார்.

என்னால் கடவுள்வரை போக முடியவில்லை. எரு அள்ளும்போது கட்டைவிரல் பருமனில் புழு அகப்பட்டால் கோழிக்கு வீசுகிறேன். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டாயிற்றே! மனம் கூசுவதில்லை. குளவி தின்றால் மட்டும் கூசுகிறது. கோழிக்கு ஒரு கொத்து, குளவிக்கு நாள்கணக்கு என்பதால் இருக்கலாம். ஆனால் குருணை மருந்து போட்டாலும் புழு இருட்டில் மெல்லத்தான் சாகும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது யாருக்கும் டார்வினின் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. ஆக, என் இரக்கம் புழுவுக்கானதே இல்லை போலிருக்கிறது. தின்பவனின் நிதானம்தான் என்னை உறுத்துகிறது.

மருந்து போட்டால் குளவியும் போய்விடும் என்பதால் போடுவதில்லை. புழுக்களையும் முன்போல ஒன்றுவிடாமல் பொறுக்குவதில்லை.

"அப்போ தென்னை என்ன ஆகும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"குருத்துல வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து வச்சிருக்கேன்க்கா" என்றேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை.