வருகையும் இருப்பும்

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு பிளஸ் டூ மாணவர்களுக்குத் தரப்பட்ட மதிப்பெண் சான்றிதழ் ஒரு விசித்திரமான ஆவணம். கொரோனாவின் இரண்டாம் அலையில் பொதுத்தேர்வு ரத்தானபின், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்விலும் அகமதிப்பீட்டிலுமிருந்து 30 என்று கணக்கிட்டார்கள். ஆக, நூற்றில் எழுபது பங்கு பழைய வகுப்புகளுக்கு உரியது. செல்பேசித் திரையின் முன்பும் கல்வித் தொலைக்காட்சியின் முன்பும் மாணவன் கழித்த ஓராண்டு அதில் அநேகமாக இல்லை. தேர்ச்சி 100 சதவீதம்.

இங்கிலாந்தில் அதற்கு முந்தின ஆண்டே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2020 ஆகஸ்டில், ஆசிரியர்கள் உத்தேசித்துக் கொடுத்த மதிப்பீடுகளை, அந்தந்தப் பள்ளியின் முந்தைய தேர்ச்சி விவரங்களை வைத்து ஒரு சூத்திரம் திருத்தியது. சுமார் 40 சதவீத மதிப்பீடுகள் கீழிறங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாட்களில் சூத்திரம் கைவிடப்பட்டது. இங்கே மாணவனின் இறந்தகாலம் அவனுக்குப் பதிலாகப் பேசியது. அங்கே, அவனுக்கு முன் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் இறந்தகாலம்.

அதிகாரிகளைக் குறை சொல்வது சுலபம். அவர்களுக்கு வேறு வழியும் அதிகமில்லை. ஆனால் இணையவழிக் கல்வியால் தேர்ச்சி உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று இந்தச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு விவாதிப்பது வீண். அந்த ஆண்டில் எது இல்லாமல் போயிற்று என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பிரான்சில் பெண்கள் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்த சிமோன் வெய்ல், 1942இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனத்தை வளர்ப்பதே என்று வாதிடுகிறார். விடை கிடைக்காத வடிவகணிதக் கணக்கோடு போராடிய நேரமும் அவருக்கு வீணானதல்ல. அதே கவனம்தான் துன்பப்படுகிறவனை வெறும் ஒரு வகைமாதிரியாகப் பார்க்காமல், நம்மைப்போன்ற மனிதனாகக் காணவும் தேவைப்படுகிறது என்று கட்டுரையை முடிக்கிறார். கவனம் இருவழிப்பட்டது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளின் கவனம் சிதறியது என்றார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள்மீது செலுத்தப்பட வேண்டிய கவனம் என்னவாயிற்று? கரும்பலகையிலிருந்து திரும்பும் ஆசிரியர் மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தைப் பார்க்கிறார். புரியவில்லை என்று தெரிந்துகொண்டு அதே வரியைத் திரும்பப் போடுகிறார். பாடத்திட்டத்தில் இதற்குப் பெயரில்லை. திரையில் நாற்பது பெயர்கள் இருந்தன. டேட்டா தீர்ந்துவிடும் என்றோ, வீட்டைக் காட்டக் கூச்சப்பட்டோ காமிராவை அணைத்துவிட்டார்கள். வருகை பதிவாயிற்று, இருப்பு பதிவாகவில்லை. தொலைக்காட்சிப் பாடத்திலோ பெயர்கூட இல்லை.

வகுப்பறையை சுவர்க்கமாக்கிவிடவும் கூடாது. அங்கேயும் கடைசி பெஞ்சு என்று ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்தவனை யாரும் பார்த்ததில்லை. பாடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்கும் வசதியால் திரையில் நன்றாகப் படித்த சிலரும் உண்டு. பெரும்பாலோர் விஷயத்தில் திரை செய்தது, சிலருக்கு மட்டுமே இருந்த கடைசி பெஞ்சை எல்லோருக்கும் பொதுவாக்கியதுதான்.

எல்லோரும் பாஸ் என்றது கருணை. ஆனால் அந்தக் கருணை ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டது: 'நீ இதைக் கற்கவில்லை, அது உன் குற்றமல்ல.' நம் ஆவணங்களில் இதற்கு இடமில்லை. தேறினால் அவன் சாதனை, தவறினால் அவன் தோல்வி. 2021 அக்டோபரில் இழப்பை ஈடுகட்டத் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்கு மேற்பட்டவர்களிடம் சான்றிதழ் இருந்தது. கற்காததைச் சுமந்துகொண்டு அவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே முதல் வாரத்தில் 'பிளஸ் டூவில் என்னதான் படித்தாய்?' என்று கேட்கப்பட்டால், பதில் சொல்ல வேண்டியவன் அந்த மாணவன் மட்டும்தானா?