ஆசானின் வாக்கு

தேர்தல் வந்துவிட்டால் நம் பள்ளிகளின் வகுப்பறைகள் வாக்குச்சாவடிகளாகின்றன. கந்தர்வக்கோட்டை முதல் அறந்தாங்கி வரை, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் இதுவே வழக்கம். அங்கு அலுவலராக அமரும் ஆசிரியர் வாக்காளரின் விரலில் மை வைக்கிறார். வாக்கு எவருக்கென்று கேட்பதுமில்லை, தம் விருப்பத்தைச் சொல்வதுமில்லை. பின்னர் அதே அறையில் பாடம் நடத்துகையில் அக்கட்டுப்பாடு அவருக்கு வேண்டுமா, வேண்டாவா?

ஆசிரியரும் குடிமகனே. அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு, சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை ஆசிரியர் வாக்குக்கே ஒதுக்குகிறது. 1986இல் கலைக்கப்படும் வரை தமிழக மேலவையிலும் அவர்கள் குரல் ஒலித்தது. ஆகவே, ஆசிரியருக்கு அரசியல் கருத்தே கூடாதென்பது நம் வாதமன்று. எவர் முன் சொல்வது என்பதே வினா.

நம் பிழையையே சொல்வோம். பல்லாண்டுகளுக்கு முன், தேர்தல் வேளையில், “ஐயா, தங்கள் வாக்கு யாருக்கு?” என்று மாணவன் ஒருவன் கேட்க, மனத்திலிருந்ததை மறைக்காமல் கூறிவிட்டோம். அடுத்த தேர்வில் நல்லாட்சி குறித்த கட்டுரைகளில் நம் சொற்களே திரும்பி வந்தன. ஒருவன் மட்டும் அவ்வினாவையே விட்டிருந்தான். அவன் தந்தை மாற்றுக் கட்சியின் ஊழியர். மதிப்பெண் நம் கையிலிருக்க, அவன் மறுத்தெழுதுவது எங்ஙனம்?

வற்புறுத்தலால் சொன்ன தலாக் செல்லாது என்றார்கள் இமாம் மாலிக் (ரஹ்). வற்புறுத்திப் பெற்ற பைஅத்தும் செல்லாதென மக்கள் கொள்வரோ என்று மதீனாவின் ஆட்சி அஞ்சியது. இமாம் கசையடி பட்டார்கள், சொல்லை விடவில்லை. அதே இமாம், தம் ‘முவத்தா’வை நாடெங்கும் சட்டமாக்கக் கலீஃபா மன்சூர் விழைந்தபோது இசையவில்லை என வரலாற்று நூல்கள் கூறும். வலியோர் முன் வாய்திறந்த அப்பெருந்தகை, பிறர்மேல் தம் கருத்தைச் சுமத்த உடன்படவில்லை. அவர்கள் சொல்லுக்கு அவர்களே விலை கொடுத்தார்கள். வகுப்பறையில் நம் சொல்லுக்கு விலை கொடுப்பவன் மாணவன்.

ஆயினும் அரசியலே பேசாதிருப்பது தீர்வன்று. 1989 முதல் வாக்குரிமை வயது 18. மேனிலைப் பள்ளியை விட்டிறங்கும் பிள்ளை விரைவில் வாக்காளனாகிறான். ஹனஃபி ஃபிக்ஹில் இமாம் அபூஹனீஃபாவின் (ரஹ்) கூற்றோடு, அவர்களின் மாணாக்கர் அபூயூசுஃபும் முஹம்மத் ஷைபானியும் மாறுபட்ட இடங்களையும் ஆதாரத்துடன் ஓதுகிறோம். அம்முறையே இங்கும் தகும். 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டமாயினும், மதுவிலக்காயினும், இரு தரப்புக் காரணங்களையும் முன்வைத்து, எடைபோடுவதை மாணவனிடமே விடலாம்.

இன்று அதே வினா எழுந்தால், “உன் காரணங்களை முதலில் சொல், கேட்போம்” என்போம். அன்று விடையெழுதாது விட்ட அப்பிள்ளைக்கு நாம் பட்ட கடன் அதுவே.